சாயம் ஊறும் நேரம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் இம்முறை ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பை வெளியிடுவதென்று செயற்குழு தீர்மானித்தது. அந்த ஒருவர் நான் அல்ல. எங்கள் கடைத்தெருவில் முடி வெட்டிச் சாயம் போடுகிற அம்மையார். தெரு முழுவதும் அவரைச் சாயக்கா என்றே அழைக்கிறது. யாரை எழுதச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. தாள்கள் என்னிடம் இருக்கின்றன, அதுதான் காரணம். சாயக்காவிடம் கேட்டதற்கு, "என்னைப் பத்தி எனக்கே ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா. பக்கத்துக் கடை அண்ணன்கிட்ட கேளுங்க. நான் தும்மினதுக்குக்கூட அவர்கிட்ட தேதி இருக்கும்" என்றாராம்.

இருக்கிறது. தும்மலுக்கு அல்ல, மற்றவற்றுக்கு. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு அவர்மீது பொறாமை உண்டு என்று செயற்குழுவில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. உண்டுதான். பொறாமைப்படுகிறவனைப்போல் ஒருவரைக் கூர்ந்து கவனித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது என்பதால் அதை ஒரு தகுதியாகவே கொள்கிறேன்.

நான் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவன். என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, ஒரு ப்ளைவுட் தடுப்பு. ஒரே கடையாக இருந்ததை உரிமையாளர் இரண்டாக்கி இருவரிடமும் முழு வாடகை வாங்கிக்கொள்கிறார். அவர் பக்கம் கண்ணாடி மாட்டிய ஆணியின் நுனி என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நான் ஒட்டும் டேப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். அங்கே தண்ணீர் திறந்தால் இங்கே கேட்கும். சிரித்தால் கேட்கும். நாள் முழுவதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

சாயக்காவின் தந்தை லாரி பழுதுபார்ப்பவர். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றபின் பொய்முடி தயாரிக்கும் கூடம் ஒன்றில் முடியை நீளவாரியாகப் பிரிக்கும் வேலைக்குப் போனார். தூசியால் இருமல் வந்து அதை விட்டுவிட்டு, ஒரு தங்கும் விடுதியின் அழகு நிலையத்தில் துவாலை மடிக்கச் சேர்ந்தார். துவாலை மடித்தபடியே சாயம் கலப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். திருமணத்தைப் பற்றிக் கேட்டேன். "கல்யாணம் ஆச்சுண்ணே. அப்புறம் ஆகாத மாதிரி ஆயிடுச்சு. இதுக்கு மேல எழுதாதீங்க" என்றார். எழுதவில்லை. அழகுக்கலைப் பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். வீடு மாற்றும்போது அலமாரிக்கு அடியில் விரித்ததாகச் சொன்னார். எந்த வீடு என்பதும் நினைவில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் பேருந்தின் பெருமை போய்ச் சேர்ந்தது.

விடியலுக்கு முன் எங்கள் தெருமுனையிலிருந்து புறப்பட்டு அரசு மருத்துவமனை வரை போகும் பேருந்து அது. பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தாம் ஏறுவார்கள்: மருத்துவமனைச் சமையற்கூடத்துப் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், என் மனைவி. என் மனைவி மருத்துவமனையின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை வெந்நீர் இயந்திரத்தில் போட்டு எடுப்பவள். அறுவைச் சிகிச்சைக் கூடம் திறப்பதற்குள் முதல் சுற்று விரிப்புகள் உலர்ந்து மேலே போக வேண்டும். அதனால் அவர்களுக்கு வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும்.

ஒரு நாள் நிறுத்தத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். போதிய பயணிகள் இல்லாததால் முதல் பேருந்து நிறுத்தப்படுகிறது என்றது அது. அதன்பின் அவள் கிடங்குச் சாலை வழியாக நடந்து பெரிய சாலைக்குப் போய், அங்கே வேறு வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. இருபுறமும் பூட்டிய கிடங்குகள். நடுவில் வரிசையாக நின்று தூங்கும் லாரிகள். முதல் மாதத்திலேயே பலமுறை தாமதமாகப் போனாள். இனியும் தாமதித்தால் அந்த வேலைநேரத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, இவளைக் கூப்பிடும்போது வருகிற தற்காலிக ஆளாக மாற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பேருந்து திரும்பி வந்தால் வேலை இருக்கும், வராவிட்டால் போய்விடும். எங்கள் வீட்டின் நிலைமை அவ்வளவுதான்.

அறிவிப்பு ஒட்டிய அன்றே நான் எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதினேன். இந்தத் தெருவில் முதலில் எழுதியவன் நான். இதை மலரில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மனு எழுத எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பழைய காகிதக் கடையில் கிடைத்த அலுவலகக் கடிதப் போக்குவரத்துக் கையேடு ஒன்றை வைத்து நானாகக் கற்றுக்கொண்டேன். மேலே அனுப்புநர், பெறுநர். பிறகு பொருள். அதற்குக் கீழே பார்வை. பார்வை என்பது அதே பொருள்பற்றி இதற்குமுன் எழுதிய கடிதங்களைத் தேதியோடு குறிப்பிடும் இடம். பார்வை இல்லாத கடிதம் முகவரி இல்லாத வீட்டைப் போன்றது என்று அந்தக் கையேடு சொன்னது. ஆகவே என் இரண்டாம் மனுவில் முதலாவதைக் குறிப்பிட்டேன். மூன்றாவதில் இரண்டையும் குறிப்பிட்டேன். காலப்போக்கில் என் மனுக்களில் பார்வை மட்டுமே பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டது. அதைப் பார்க்கையில் எனக்கே ஒரு நிமிர்வு வரும். முதல் மனுவுக்கு ஒரு பதில் வந்தது: தங்கள் கோரிக்கை துறையின் கவனத்துக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் ஒன்றுமில்லை.

சாயக்காவிடமும் ஒரு மனு கொடுத்தேன், வருகிற வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்கச் சொல்லி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அதை முகப்பூச்சு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு கையெழுத்தும் இல்லை. குறுக்கே பழுப்பு நிறத்தில் அகலமாக ஒரு கோடு. சாயத் தூரிகையைத் துடைத்திருக்கிறார்.

"அய்யய்யோ, இது உங்க தாளாண்ணே? எழுத்து அவ்வளவு பொடிசா இருந்துச்சா, மருந்துக் கம்பெனி விளம்பரம்னு நெனச்சுட்டேன்."

அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது.

இனி அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். முறை என்ற சொல்லை அவருக்காகப் பயன்படுத்த மனம் வரவில்லை; ஆனால் வேறு சொல் இல்லை. தலைக்குச் சாயம் பூசினால் அது ஊற அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் பூசிக்கொண்டவர் எங்கும் போக முடியாது. கழுத்தில் துணி, தலையில் உறை, காதோரம் பஞ்சு. மருத்துவமனைச் சமையற்கூடத்துப் பெண் ஒருத்தி ஒரு நாள் அப்படி உட்கார்ந்தபடி பேருந்து நின்றதைப் பற்றி அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள். அங்கலாய்ப்பில் தலையை ஆட்ட ஆட்ட, சாயம் நெற்றியில் வழிந்தது. அவளை அசையாமல் உட்கார வைப்பதற்காகச் சாயக்கா தன் கைப்பேசியை அவள் கையில் திணித்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது இது:

"என்கிட்ட சொல்லி என்னடி ஆகப்போகுது? உறுப்பினர் ஆபீசுக்குச் சொல்லு. அரை மணி நேரம் சும்மாதானே உக்காந்திருக்க."

"அய்யோ அக்கா, நான் என்னன்னு பேசுவேன்?"

"என்கிட்ட பேசினியே, அதைப் பேசு. கெட்ட வார்த்தை ரெண்டைக் கழிச்சுட்டுப் பேசு."

அவள் பேசினாள். மறுநாள் வந்த இன்னொருத்தியும் பேசினாள். தொகுதி அலுவலகத்தின் எண்ணைச் சாயக்கா தன் கண்ணாடியின் மூலையில் புருவப் பென்சிலால் எழுதி வைத்துவிட்டார். விதிகளும் பிறந்தன. பெயரைச் சொல், தெருவைச் சொல், உனக்கு என்ன ஆச்சு என்று சொல். ஊருக்கு என்ன ஆச்சு என்று சொல்லாதே. திட்டாதே. "திட்டணும்னா தலையைக் கழுவிட்டு வெளியே போய்த் திட்டு. என் போன்ல திட்டாதே."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிழைகளுக்கு அளவில்லை. ஒருத்தி பேருந்தின் எண்ணைத் தவறாகச் சொன்னாள். ஒருவர் நடுவில் தன் வீட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வயதான அம்மா ஒருவர் போனை எடுத்த பெண்ணிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார். சட்டப் பிரிவு ஒன்றையாவது ஒருவராவது சொல்ல வேண்டுமே! பொறுக்க முடியாமல், தொலைபேசியில் கோரிக்கை வைப்பது எப்படி என்று ஒரு பக்க வழிகாட்டிக் குறிப்பு தயாரித்து, லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ரொம்ப அருமையா இருக்குண்ணே" என்று வாங்கிக்கொண்டார். மறுநாள் அது நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்பின் அந்த நாற்காலி ஆடவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சில வாரங்களில் அந்தப் பக்கத்திலிருந்து போன் போவது மட்டுமல்ல, வரவும் தொடங்கியது. தொகுதி அலுவலகத்தில் போன் எடுக்கிற பெண் திரும்ப அழைத்து, "அக்கா, அந்த நிறுத்தத்துக்குப் பேரு என்ன?" என்று கேட்பாள். சாயக்கா அவளைக் கண்ணு என்பார். என் கடையிலும் ஒரு போன் இருக்கிறது. அந்த எண்ணை என் ஒவ்வொரு மனுவிலும் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். அதில் வந்தவை, நகல் பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்கும் அழைப்புகள் மட்டுமே. வயிறு காந்தியது என்று சொன்னால் அது அலங்காரச் சொல் அல்ல. அந்த மாதம் நான் வாங்கிய செரிமான மாத்திரைகளின் ரசீது இருக்கிறது.

ஒரு முற்பகல் உறுப்பினரின் உதவியாளர் வண்டியிலிருந்து இறங்கி நேராக என் கடைக்குள் வந்தார். சட்டையில் கட்சி அட்டை குத்தியிருந்தார். நான் எழுந்து நின்றேன். என் மனுக்களின் கோப்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

"சாயக்கா கடை எது சார்?" என்று கேட்டார்.

கையை நீட்டியபடியே பக்கத்துக் கடையைக் காட்டினேன்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது ஒரு பிற்பகலில் நடந்தது. நான் யாருடைய நிலப்பத்திரத்தையோ நகலெடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் தாளைக் கவ்விக்கொண்டு நின்றது. அந்த அமைதியில் தடுப்புக்கு அப்பால் என் மனைவியின் குரல் கேட்டது. அவள் அங்கே சாயம் போட்டுக்கொள்ளப் போயிருந்தது எனக்குத் தெரியாது. சிரிக்கவும் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. போனில் பேசுகிறாள் என்று புரிந்தது.

"ஆமாம்மா, கிடங்கு ரோட்லதான். ஒரு லாரி, லைட்டைப் போடாம பின்னாடியே மெதுவா வந்துச்சு. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. கதவைத் திறந்து ஒருத்தன் என்னமோ சொன்னான். நான் ஓடினேன். செருப்பு அறுந்துபோச்சு, அதை அங்கேயே போட்டுட்டு ஓடினேன்... இல்லம்மா, போலீசுக்கெல்லாம் போகல. வீட்டுலயும் சொல்லல."

அதற்குப் பதிலாக அவள் வாங்கிய புதுச் செருப்பின் ரசீது என்னிடம் இருந்தது. ஏன் வாங்கினாள் என்பது இல்லை.

தாள் கவ்விய இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நகலுக்கு வந்தவர், "என்ன சார், மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். ஆம் என்றேன். தடுப்புக்கு அப்பால் தண்ணீர் திறக்கும் ஓசை கேட்டது. என் மனைவியின் தலையை அவர் கழுவிவிடுகிறார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்ல முடிந்தது, கண்ணாடி முன்னால் நின்ற இந்த அம்மையார் கேட்கச் சொல்ல முடிந்தது. கட்டிய கணவனிடம் சொல்ல முடியவில்லை. இதற்குமுன் நான் சாயக்காவிடம் பறிகொடுத்தவை எல்லாம் எனக்குச் சிறியவையாகத் தெரிந்தன.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். காலை முழுவதும் அதே வேலை செய்தவள் வீட்டிலும் ஓரம் பிசகாமல்தான் மடிப்பாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓஹோ, பலகை வழியாவா?"

"அது இருக்கட்டும். ஏன் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு மனு எழுதுவீங்க."

"எழுதினா தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? எழுதி முடிச்சுட்டு உக்கார வெச்சுப் படிச்சுக் காட்டுவீங்க. 'பாதுகாப்பற்ற சூழல்'னு போட்டிருக்கேன், சரியா இருக்கான்னு என்னையே கேப்பீங்க. எல்லாம் இருக்கும். நான் ஓடினது மட்டும் அதுல இருக்காதுங்க."

"அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லலாமா?"

"அவங்ககிட்ட நான் சொல்லல. போன்ல சொன்னேன். அவங்க பக்கத்துல நின்னாங்க, அவ்வளவுதான்." சற்று நேரம் மடித்துவிட்டு, "அப்புறம் என் தலையில கை வெச்சாங்க" என்றாள்.

மறுநாள் முதல் விடியலுக்கு முன் அவளுடன் பெரிய சாலை வரை நானும் நடந்தேன். லாரிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளச் சட்டைப்பையில் ஒரு பேனா வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் வேகமாக நடந்தும் இரண்டு நாள் அவளுக்கு வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. போக்குவரத்துத் துறை அதிகாரிகளைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்து உறுப்பினர் பேசப் போகிறார். எங்கள் பகுதியின் சார்பில் ஒருவர் பேசலாம். வழக்கம்போல அழைப்பு பக்கத்துக் கடைக்கு வந்தது. சாயக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் என் கடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, நீங்க வந்து பேசுங்க. எனக்குக் கடைக்குள்ளதான் வாய். கூட்டத்துல நிக்க வெச்சா நாக்கு ஒட்டிக்கும்."

நான் மாதக்கணக்கில் காத்திருந்த நாற்காலி அது. அவருடைய கையிலிருந்து, அதுவும் சாயம் படிந்த கையிலிருந்து, வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"அழைப்பு என் பெயருக்கு வரவில்லை" என்றேன். அவரிடம் எப்போதும் அப்படி எழுத்துத் தமிழில்தான் பேசுவேன். "என் மனுக்களுக்குப் பதில் வந்த பிறகு நான் பேசுகிறேன்."

"பேராண்ணே இப்ப முக்கியம்? பஸ்ஸுண்ணே!"

"உங்களை அழைத்திருக்கிறார்கள். நீங்களே போய்வாருங்கள்."

என் மனைவி எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, நான் பேசறேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

நானும் போனேன். கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரிகள் வரும்வரை முன்னறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு பெண். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. சாயக்காவும் அவளும் அப்போதுதான் முதன்முதலாக நேரில் பார்க்கிறார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "என்ன கண்ணு, இவ்வளவு சின்னப் பொண்ணா நீ? முடியை யாரு இப்படிக் கொதறி வெச்சது?" அது முடிகிறவரை காத்திருந்து, நான் என் கோப்பை அவள் முன்னால் வைத்து, இவற்றின் நிலை என்ன என்று கேட்டேன்.

அவள் மரியாதையான பெண். முதல் தாளைப் பார்த்துவிட்டுக் கணினியில் தட்டினாள். இன்னும் சிலவற்றைப் புரட்டினாள். முகம் ஒருமாதிரி ஆயிற்று.

"சார், இதெல்லாம் ஒரே மனு."

"இல்லம்மா. தனித்தனி. தேதியைப் பாருங்க."

"தேதி வேற வேறதான் சார். ஆனா ஒவ்வொண்ணுலயும் பார்வைன்னு போட்டு மொத மனுவைக் குறிச்சிருக்கீங்க. பார்வை இருந்தா புதுசா பதிய மாட்டோம், அந்தப் பழைய கோப்புலயே சேத்துடுவோம். மொத மனுவுக்குப் பதில் போனதுமே அந்தக் கோப்பை முடிச்சாச்சு. முடிஞ்ச கோப்பை யாரும் திறக்க மாட்டாங்க சார். உள்ளே போய்க்கிட்டே இருக்கும்."

"அப்ப போன்ல பேசினது?"

"பேசறவங்க ஒவ்வொருத்தரும் ஒரு புதுப் பதிவு. வாராவாரம் மேல போகும். ஒரே கடையிலருந்து வருதுன்னு உறுப்பினர் மேடமே சிரிப்பாங்க, ஆனா படிப்பாங்க." கோப்பை மூடி, இரண்டு கைகளாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க பார்வை போடாம எழுதியிருந்தா ஒவ்வொண்ணும் மேல போயிருக்கும் சார். இவ்வளவு ஒழுங்கா எழுதறவங்க யாரும் இல்ல, அதனாலதான்..."

"இதை யாரும் என்கிட்ட சொல்லலியே."

"நீங்க யாரையும் கேக்கலியே சார். எழுதிக்கிட்டே இருந்தீங்க."

சாயக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் தண்ணீர்க் குவளை ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பின்னலை ஆராய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை விரிவாக எழுதச் சங்கம் இடம் ஒதுக்கவில்லை. சாயக்கா தன்னைப் பற்றிச் சொன்னது உண்மையே. உள்ளே நுழைந்தது முதல் அவருடைய நாக்கு ஒட்டிக்கொண்டது. பெயரைக் கேட்டதற்குக்கூட என் மனைவிதான் பதில் சொன்னாள். அதிகாரிகள் செலவைப் பற்றிப் பேசினார்கள். உறுப்பினர் என் மனைவியைப் பார்த்து, சொல்லுங்கம்மா என்றார். அவள் எழுந்தாள். தொடங்குவதற்குமுன் ஒருமுறை திரும்பினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் பார்த்தது என்னை அல்ல. எனக்கு அடுத்த நாற்காலியில், கைக்குட்டையைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மையாரை. அவர் தலையை அசைத்தார். இவள் பேசினாள். விரிப்புகள், வெந்நீர், மேற்பார்வையாளர், கிடங்குச் சாலை, லாரி, செருப்பு. ஓடினதையும் சொன்னாள். எங்கும் நிறுத்தவில்லை, எதையும் கூட்டவில்லை. கோப்பில் ஓர் இடம்கூட அப்படி எழுதப்படவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் சோதனை ஓட்டமாக விடுவது என்று முடிவாயிற்று. அதன்பின் மக்களிடமிருந்து வரும் கோரிக்கைகளைப் பார்த்து நிரந்தரமாக்குவதா நிறுத்துவதா என்று தீர்மானிப்பார்கள். சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார்.

உறுப்பினரின் செய்தி மடலில் அந்தக் கூட்டத்தின் படம் வந்தது. நடுவில் சாயக்கா, பக்கத்தில் என் மனைவி, கீழே நன்றி என்று பெரிதாக எழுத்து. ஓரத்தில் ஒரு கோப்பும் அதைப் பிடித்திருக்கும் ஒரு முழங்கையும் தெரிகின்றன. அவை என்னுடையவை. தெருவில் எல்லாரும் அந்த மடலை நகலெடுக்க என் கடைக்குத்தான் வந்தார்கள். "சாயக்கா எவ்வளவு அழகா விழுந்திருக்காங்க பாருங்க" என்று என்னிடமே காட்டினார்கள். நான் ஒளியளவைச் சற்றுக் கூட்டி வைத்து எடுத்துக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் வெளிறித்தான் வந்தது.

மூன்றாவது மாதம் முடியும் தறுவாயில் பக்கத்துக் கடையில் மறுபடியும் கூட்டம் சேர்ந்தது. சாயம் தேவைப்படாத இளவயதுக்காரர்கள்கூடத் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் என் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அனுப்புநர் என்று எழுதினேன். பெறுநர் என்று எழுதினேன். பொருள் எழுதினேன். பார்வை என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அதைப் போடாமல் எழுதலாம். அந்தப் பெண்ணே வழி சொல்லியிருக்கிறாள். ஆனால் இத்தனை மனுக்களும் எழுதப்படாதவை என்று நானே என் கையால் ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. தாளைக் கோப்பில் வைத்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைக்கதவை இறக்கிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

பேச்சு நின்றது. என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து யாருடைய பிள்ளைக்கோ தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, சத்தம் அதிகமா இருக்கா?" என்றார் சாயக்கா.

"சாயம் போட வேண்டும்."

"யாருக்கு?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஆடவில்லை.

சாயக்கா என் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கறுப்பாண்ணே, பழுப்பா?"

"உங்கள் விருப்பம்."

"பார்த்துச் சொல்லுங்கண்ணே, அப்புறம் என்மேல மனு போட்டுடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். கழுத்தில் துணி விழுந்தது. மடியிலிருந்த கோப்பு அதற்குள் மறைந்தது. சாயம் குளிர்ந்தது, கண்ணை உறுத்தும் ஒரு நெடி அடித்தது. தலைக்கு உறை மாட்டி முடித்ததும், மற்றவர்களுக்குச் செய்ததைப் போலவே, கைப்பேசியை என் கையில் வைத்தார். கண்ணாடியின் மூலையில் எண் இருந்தது. அது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் பார்த்துத்தான் அழுத்தினேன்.

அதே பெண்தான் எடுத்தாள். என் குரல் அவளுக்குத் தெரியவில்லை.

"வணக்கம் சார். முதல் தடவை கூப்பிடறீங்களா?"

கோப்பின் மேல் கை இருந்தது. எழுதியது பல தடவை, அழைப்பது முதல் தடவை. ஆகவே ஆமென்று சொன்னால் பொய் ஆகாது.

"ஆமாம்மா. முதல் தடவை."

"சொல்லுங்க சார், என்ன விஷயம்?"

"பொருள்..." என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் பெஞ்சு தெரிந்தது. என் மனைவி சீப்பை நிறுத்தியிருந்தாள்.

"என் மனைவி ஆஸ்பத்திரில சலவை வேலை பாக்கறா. இருட்டுலயே போகணும். அந்த பஸ் இல்லாட்டி கிடங்கு ரோட்ல நடக்கணும். ஒரு தடவை பயந்து ஓடியிருக்கா. எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்சதிலருந்து எனக்கும் பயமா இருக்கும்மா. அந்த பஸ் இருக்கணும்."

அவள் என் பெயரையும் தெருவையும் கேட்டாள். புதுப் பதிவாகப் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். நன்றி என்றேன்.

"அண்ணே, தலையை ஆட்டாதீங்க, காதுல வழியுது" என்றார் சாயக்கா. பஞ்சால் துடைத்துவிட்டார். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார்.

ஊறி முடித்ததும் கழுவித் துவட்டிக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். என் மனைவி எழுந்து வந்து சுற்றிலும் பார்த்தாள். காதுக்குப் பின்னால் படிந்திருந்த ஒரு துளியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு திரும்பி, "உங்க கை ராசி அக்கா, உங்க கை ராசி. ஆளையே மாத்திட்டீங்க" என்று சாயக்காவிடம் சொன்னாள்.

பேருந்து நிரந்தரமாக்கப்பட்டதாக அடுத்த வாரம் நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதன் நகல் என்னிடம் உள்ளது. மலரில் இணைக்கக் கொடுத்திருக்கிறேன். என் மனைவி அதில்தான் வேலைக்குப் போகிறாள். அது சாயக்காவால் வந்த பேருந்து என்று ஊர் சொல்கிறது. இந்தக் குறிப்பும் அதற்காகத்தான் கேட்கப்பட்டது. நான் மறுக்கவில்லை. அந்த மூன்றாவது மாதத்தில் அவர் கடையிலிருந்து போன அழைப்புகளில் ஒன்று என்னுடையது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அதற்கு மட்டும் என்னிடம் எந்த ஆவணமும் இல்லை.